பாறை விரிசலில் கசிந்த எரிபொருள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிலத்தடி நீர் மாடல் போடுவது என் வேலை. பங்க் தொட்டி, டீசல் கிடங்கு, தொழிற்சாலை ஜெனரேட்டர் என்று எங்காவது எரிபொருள் கசிந்து கிணற்றில் வாசம் வந்தால் கூப்பிடுவார்கள். கிணற்றுக்காரர், பஞ்சாயத்து உறுப்பினர், கல்லூரி மாணவர் என்று யாரிடம் பேசினாலும் கேட்பது ஏறக்குறைய இதே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். மணற்பாங்கான ஊர்களுக்கு இதில் பாதிதான் பொருந்தும். பாறை ஊர்களை நினைத்து எழுதியது இது.

கருங்கல்லுக்குள்ள தண்ணி எங்க இருக்கு? கல்லு கல்லுதானே?

தண்ணீர் இருப்பது கல்லின் பிளவுகளில். கிணறு வெட்டுகிறவர்கள் ஊற்றுக்கண் என்று சொல்வதும், போர் வண்டிக்காரர்கள் "இருநூறு அடியில ஒரு கேப் கிடைச்சுது" என்று சொல்வதும் இந்தப் பிளவைத்தான். தமிழ்நாட்டின் பரப்பில் ஏறக்குறைய 73 சதவீதம் இப்படிப்பட்ட கடினப் பாறை. மேலே உக்கிய பாறை கொஞ்ச ஆழத்துக்கு இருக்கும். தண்ணீரைப் பிடித்து வைப்பது அந்தப் பகுதி. கீழே உள்ள விரிசல்கள் சேமிப்பது கொஞ்சம், கடத்துவது அதிகம்.

ஒரு பழைய பங்க் இருந்த இடத்தில் துளைத்தெடுத்த சார்னோகைட் (கருங்கல்லில் ஒரு வகை) உருளை ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு முழ நீளம், எண்ணெய்ப் பச்சையும் கறுப்புமான கல். நடுவில் குறுக்காக ஒரு விரிசல், தாள் நுழையும் அளவுக்குக்கூட இடைவெளி இல்லை. இரண்டு பக்கமும் துருநிறம் படிந்திருந்தது. அந்த இடத்தில் கல்லைப் பிரித்ததும் டீசல் வாசம் முகத்தில் அடித்தது. இரண்டு விரல் தள்ளி அதே கல்லைச் சுத்தியலால் உடைத்து முகர்ந்தேன், ஒன்றுமே இல்லை. கீழே வரும் பதில்கள் எல்லாம் அந்த ஒரு கல்லுக்குள் அடங்கும்.

பெட்ரோல் தண்ணி மேல மிதக்கும்தானே? அப்புறம் போருக்குள்ள எப்படிப் போகுது?

மிதக்கும். பெட்ரோலின் அடர்த்தி தண்ணீருடையதில் முக்கால் பங்கு, டீசலுடையது ஐந்தில் நான்குக்குச் சற்று மேல். மணலில் என்றால் நீர்மட்டத்தின் மேல் ஆடைபோலப் பரவி நிற்கும். செங்குத்தான விரிசலில் அப்படிப் பரவ இடமில்லை. மேலிருந்து வரும் எரிபொருள் குழாயில் ஊற்றியதுபோல ஒரே தூணாக நிற்கும், அந்தத் தூணின் எடை கீழே இருக்கும் தண்ணீரை அமுக்கும். தண்ணீரில் ஐந்தில் நான்கு பங்கு எடையுள்ள எரிபொருள் நீர்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நின்றால், கீழே 4 மீட்டர் வரை இறங்க முடியும். ஐஸ் கட்டியின் பெரும்பகுதி தண்ணீருக்குள் மூழ்கியிருப்பதும் இதே கணக்குதான். மிக மெல்லிய விரிசல்கள் எரிபொருளை உள்ளே விடாது என்பதால் எல்லா இடத்திலும் இவ்வளவு இறங்காது. அகலமான ஒன்று இருந்துவிட்டால் போதும், இறங்கிவிடும்.

அடுத்தது கோடை. நம் ஊரில் நீர்மட்டம் வெயில் காலத்தில் பல அடி இறங்கும்போது எரிபொருளும் கூடவே இறங்குகிறது. வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் ஏறும்போது எரிபொருள் முழுவதும் ஏறி வராது. ஒரு பங்கு துளித்துளியாக விரிசலின் குறுகலான இடங்களில் சிக்கி நீருக்கடியிலேயே தங்கிவிடும். அதிலிருந்து பென்சீன் போன்ற வேதிப்பொருள்கள் தண்ணீரில் கரைந்துகொண்டே இருக்கும். போருக்குள் வருவது பெரும்பாலும் இப்படிக் கரைந்த பகுதிதான்.

கொஞ்சம் கசிஞ்சதுக்கா இவ்வளவு கூச்சல்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்தியாவின் எரிபொருள் தர விதியான பாரத் ஸ்டேஜ் 6-ன்படி பெட்ரோலில் பென்சீன் 1 சதவீதம் வரை இருக்கலாம். அப்படிப் பார்த்தால் 1 லிட்டர் பெட்ரோலில் 10 மில்லி, எடையில் சுமார் 8.8 கிராம். குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. வகுத்தால் 8,80,000 லிட்டர் தண்ணீர் வருகிறது. ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள பென்சீன் மட்டுமே அவ்வளவு தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுபோகப் போதும். பென்சீன் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள்.

"வாசமே இல்லையே" என்று சொல்பவர்களுக்கும் இதே பதில்தான். பென்சீன் தண்ணீரில் மில்லிகிராம் கணக்கை எட்டினால்தான் மூக்குக்குத் தெரியும். மூக்குக்குத் தெரியாத அளவே வழிகாட்டு அளவைப்போல நூறு மடங்கு இருக்கலாம். டீசலில் பென்சீன் குறைவு, நாப்தலீன் போன்றவை உண்டு, வாசம் சீக்கிரம் தெரியும். எதுவானாலும் ஆய்வகச் சோதனைதான் முடிவு.

மாடல்னா என்ன? கம்ப்யூட்டர்ல கலர் படம் போட்டுக் காட்டுறதுதானா?

படம் கடைசியில் வருவது. அடிப்படையில் அது வரவு செலவுக் கணக்கு. நிலத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மழையால் எவ்வளவு வந்தது, பக்கத்துக் கட்டத்துக்கு எவ்வளவு போனது, பம்ப் எவ்வளவு இழுத்தது என்று எழுதுவோம். அதன் மேல் இரண்டாவது கணக்கு: அந்தத் தண்ணீரோடு மாசு எவ்வளவு போகிறது, எவ்வளவு பாறையில் ஒட்டுகிறது, எவ்வளவு நுண்ணுயிர்களால் சிதைகிறது. கிணறுகளில் அளந்த நீர்மட்டத்தோடு கணக்கு ஒத்துவரும் வரை எண்களைத் திருத்திக்கொண்டே போவோம்.

சிக்கல் பிறப்பது அந்தத் திருத்தத்தில்தான். ஒரே நீர்மட்டத்தைக் கொடுக்கக்கூடிய எண் தொகுப்புகள் பல உண்டு. நீர்மட்டம் ஒத்துப்போனது என்பதற்காக மாசு போகும் வேகமும் சரியாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பாறையில் இந்த இடைவெளி மிகப் பெரியது.

மணலுக்குப் போடுற மாடலையே பாறைக்கும் போட்டா என்ன தப்பு?

தண்ணீர் எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டால் பெரிய தப்பில்லை. மாசு எப்போது வந்து சேரும் என்று கேட்டால் ஆளையே கவிழ்த்துவிடும். ஏனென்று கணக்கோடு காட்டுகிறேன், மாணவர்கள் இதைக் கையால் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

இரண்டு தட்டையான கல் பலகைகளுக்கு இடையே ஓடும் தண்ணீரின் அளவு, இடைவெளியின் முப்படிக்கு ஏற்ப மாறும், அதாவது இடைவெளி பத்து மடங்கானால் தண்ணீர் ஆயிரம் மடங்கு. 1 மி.மீ. விரிசல் ஒன்று கடத்தும் தண்ணீரைக் கடத்த 0.1 மி.மீ. விரிசல்கள் ஆயிரம் வேண்டும். வேகம் இடைவெளியின் இருபடிக்கு ஏற்ப மாறும், பத்து மடங்குக்கு நூறு மடங்கு. நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற நீர்மட்டச் சாய்வில் 0.1 மி.மீ. விரிசலில் தண்ணீர் நாளொன்றுக்கு 7 மீட்டர் போகும். 1 மி.மீ. விரிசலில் 700 மீட்டர். உண்மையான விரிசல் சொரசொரப்பாகவும் வளைந்தும் இருப்பதால் இதைவிடக் குறையும், ஆனாலும் கணக்கின் போக்கு இதுதான்.

இப்போது மீட்டருக்கு ஒரு 0.1 மி.மீ. விரிசல் இருக்கும் பாறையை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தப் பாறையில் விரிசலின் பங்கு பத்தாயிரத்தில் ஒன்று, அதாவது 0.01 சதவீதம். மாடல் போடுபவர் பாடநூல் பழக்கத்தில் இந்தப் பங்கை, அதாவது நுண்துளை அளவை, 1 சதவீதம் என்று எழுதுகிறார் என்று வைப்போம். நீர்மட்டம் அழகாக ஒத்துவரும், ஓடும் தண்ணீரின் அளவும் சரியாக வரும். வேகம் மட்டும் நூறு மடங்கு குறைந்துவிடும். நூறு மீட்டர் தள்ளியிருக்கும் கிணற்றுக்கு மாசு 14 நாளில் போய்ச் சேர வேண்டியது, அறிக்கையில் 4 ஆண்டு என்று வரும். ஒரே ஒரு எண்ணால் வந்த வித்தியாசம் இது.

கனடாவில் வாக்கர்டன் என்ற சிறிய ஊரில் 2000 மே மாதத்தில் குடிநீரில் கிருமி கலந்து 7 பேர் இறந்தார்கள், 2,000 பேருக்கு மேல் நோயுற்றார்கள். அங்கே எரிபொருள் சம்பந்தமில்லை, ஆனால் அங்கே இருப்பது விரிசல்களும் கல் கரைந்து உண்டான பாதைகளும் உள்ள சுண்ணாம்பு வகைப் பாறை. பாறையை நுண்துளைப் பொருளாகப் பாவித்துப் போட்ட மாடலைவிடத் தண்ணீர் பல பத்து மடங்கு வேகமாக ஓடுகிறது என்று சாயம் விட்டுப் பார்த்த சோதனை காட்டியது. பாறை நீர் மாடல் கற்பவர்கள் அனைவருக்கும் நான் முதலில் சொல்வது வாக்கர்டனைத்தான்.

அப்போ ஒவ்வொரு விரிசலையும் மாடல்ல வரைஞ்சுட்டா?

அப்படிச் செய்யும் முறை உண்டு, தனி விரிசல் வலை மாதிரி என்பார்கள். எந்த விரிசல் எங்கே இருக்கிறது என்று முழுக்கத் தெரியாது என்பதால், திசை, நீளம், அடர்த்தி, கடத்தும் திறன் ஆகியவற்றைப் புள்ளிவிவரமாக எடுத்து, அதே குணமுள்ள வலைகளை நூற்றுக்கணக்கில் கணினியில் உருவாக்குவோம். ஒவ்வொன்றிலும் மாசை விட்டுப் பார்ப்போம். கிடைப்பது "இந்தக் கிணற்றுக்கு இந்தத் தேதி" என்ற பதிலாக இருக்காது. "நூறு வலையில் முப்பதில் ஓராண்டுக்குள் வந்துவிட்டது" என்ற மாதிரி இருக்கும். கேட்பவர்களுக்கு இது திருப்தி தராது. ஆனால் நேர்மையான பதில் அதுதான், நான் அதையே கொடுப்பேன்.

இடைப்பட்ட முறை ஒன்றும் உண்டு. வாரன், ரூட் என்ற இரு ஆய்வாளர்கள் 1963-ல் எண்ணெய் வயல்களுக்காகச் சொன்ன இரட்டை நுண்துளை முறை. ஓடும் விரிசல் ஒரு கணக்கு, ஓடாத கல் இன்னொரு கணக்கு, இரண்டுக்கும் இடையே பரிமாற்றம். பெரிய பரப்புக்கு இதுதான் கைக்கு அடங்கும்.

தரவு எடுக்கும்போதே ஒரு பொறி இருக்கிறது. நேர்குத்தாகப் போட்ட போர், நேர்குத்தாக நிற்கும் விரிசல்களை அநேகமாகத் தொடாது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இணையாகப் போய்விடும். புவியியலாளர் ரூத் டெர்சாகி 1965-லேயே இதற்குத் திருத்தம் எழுதிவைத்தார். இன்றும் கிடைமட்ட விரிசல் மட்டும் நிறைந்த தரவை அப்படியே மாடலில் போடுகிறவர்களைப் பார்க்கிறேன். எரிபொருளைக் கீழே இறக்குவது நேர்குத்தான விரிசல்தான். சாய்வாக ஒன்றிரண்டு துளையாவது போட வேண்டும்.

எங்க போர் 600 அடி. மேல கசிஞ்சது எங்களை என்ன செய்யும்?

நம் ஊரில் போர் எப்படிப் போடுகிறோம் என்று நினைத்துப் பாருங்கள். மேலே மண்ணும் உக்கிய பாறையும் இருக்கும் வரைக்கும் கேசிங் பைப். கெட்டிப் பாறை வந்ததும் பைப் நின்றுவிடும், அதன் கீழே வெறும் துளை. 120 அடியில் ஒரு கேப், 340-ல் ஒன்று, 560-ல் ஒன்று என்றால் அந்தத் துளை மூன்றையும் இணைத்துவிடுகிறது. பாறை தானாக இணைக்காததை நாம் இணைத்துவிட்டோம். மேல் விரிசலில் வந்த பென்சீன் துளைச் சுவரில் வழிந்து கீழே உள்ள விரிசலுக்குள் போகும். பக்கத்துத் தோட்டத்தில் கீழ் விரிசலை இழுக்கும் மோட்டார் ஓடினால் இன்னும் வேகமாகப் போகும்.

கைவிட்ட போர்கள் இதில் மோசம். மோட்டாரைக் கழற்றி, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். மாடலில் அந்தப் போர்கள் இல்லாவிட்டால் அந்த மாடலை நான் நம்பமாட்டேன். எந்த வேலையைத் தொடங்கினாலும் முதல் வாரம் தெருத்தெருவாகப் போய்ப் போர்களை எண்ணுவதில்தான் போகும்.

பக்கத்து வீட்டுப் போர்ல வருது, எங்க போர்ல இல்ல. அப்போ நாங்க தப்பிச்சோமா?

இன்றைக்குத் தப்பியிருக்கிறீர்கள். இரண்டு போரும் வேறு வேறு விரிசலைத் தொட்டிருக்கலாம். முப்பது அடி தள்ளி இருக்கும் இரண்டு போர்களில் ஒன்றில் விரலளவுக்கு எண்ணெய் மிதக்க, மற்றதில் சோதனையில் ஒன்றும் வராததைப் பார்த்திருக்கிறேன். முதல் போரில் பெய்லரை (தண்ணீர் மாதிரி எடுக்கும் குழாய்) இறக்கித் தூக்கினால், குழாயின் மேல்பகுதியில் தேநீர் நிறத்தில் ஒரு பட்டை, கீழே தெளிந்த தண்ணீர். பட்டையின் தடிமனைப் பார்த்துவிட்டு "பாறையிலும் இவ்வளவு இருக்கிறது" என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. ஒற்றை விரிசலிலிருந்து கொஞ்சம் எரிபொருள் வந்தாலும் போருக்குள் தடித்த பட்டையாக நிற்கும்.

மழைக்காலத்தில் மேல் விரிசல்களில் தண்ணீர் ஏறும்போது வழி மாறலாம். நீங்கள் மோட்டாரைப் பெரிதாக்கினாலும் மாறலாம். ஒரே ஒரு சோதனையோடு நிறுத்தாதீர்கள். கோடை முடிவில் ஒன்று, பருவமழைக்குப் பின் ஒன்று என்று குறைந்தது இரண்டு வேண்டும்.

ஹவாயில ரெட் ஹில்னு ஏதோ நடந்துச்சாமே, அது என்ன?

இந்தத் துறையில் இருப்பவர்கள் ஆழமாகப் படிக்க வேண்டிய நிகழ்வு. ஓவாஹு தீவில், ஹொனலுலுவுக்கு அருகே, எரிமலைப் பாறை முகடு ஒன்றைக் குடைந்து 1940 முதல் 1943 வரை அமெரிக்கக் கடற்படைக்காக 20 தொட்டிகள் கட்டினார்கள். ஒவ்வொன்றும் 250 அடி உயரம், 100 அடி விட்டம், கொள்ளளவு ஏறக்குறைய 4.7 கோடி லிட்டர். தொட்டிகளின் அடியிலிருந்து சுமார் 100 அடி கீழே அந்தத் தீவின் குடிநீர்.

2014 ஜனவரியில் 5-ஆம் எண் தொட்டியிலிருந்து ஒரு லட்சம் லிட்டர் அளவுக்கு விமான எரிபொருள் கசிந்தது. 2021 நவம்பர் 20 அன்று சுரங்கப் பாதையில் ஒரு குழாய் உடைந்து 70,000 லிட்டருக்கு மேல் கொட்டியது. அதில் ஒரு பகுதி கடற்படையின் குடிநீர்க் கிணற்றை எட்டியது. அந்தக் குழாய்த் தண்ணீரை நம்பியிருந்தவர்கள் ஏறக்குறைய 93,000 பேர். அடுத்த வாரத்தில் வீடுகளில் குழாயைத் திறந்தபோது எரிபொருள் வாசம் வந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் விடுதிகளுக்குப் போனார்கள். ஹொனலுலு நகரக் குடிநீர் வாரியம் பக்கத்துப் பள்ளத்தாக்கில் இருந்த தன் ஹாலாவா நீர்வாயை, அதாவது குடிநீர் இறைக்கும் கிணற்றை, டிசம்பரில் மூடியது. அதில் மாசு வந்துவிட்டது என்பதற்காக மூடவில்லை, அங்கே பம்ப் ஓடினால் மாசை அந்தப் பக்கம் இழுத்துவிடும் என்ற அச்சத்தில் மூடினார்கள்.

அவ்வளவு பெரிய நாடு. அவங்க மாடல்ல தெரியலையா?

மாடல்கள் இருந்தன. 2014 கசிவுக்குப் பின் 2015-ல் கடற்படையும் கட்டுப்பாட்டு அமைப்புகளும் செய்துகொண்ட உடன்பாட்டிலேயே நிலத்தடி நீர் மாடல் ஒரு பங்கு. எரிபொருள் முகட்டின் நீளத்தில் கடல் பக்கமாகப் போகும் என்பதுதான் கடற்படைத் தரப்பு மாடல்களின் போக்கு. அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகமையும் ஹவாய் சுகாதாரத் துறையும் அவற்றை ஏற்கவில்லை. கண்காணிப்புக் கிணறுகளில் அளந்த நீர்மட்டச் சாய்வு மாடல் காட்டியதைவிட மிகத் தட்டையாக இருந்தது. ஹாலாவா பள்ளத்தாக்குப் பக்கமும் தண்ணீர் போகலாம் என்ற சாத்தியத்தை ஒதுக்கிவிட முடியாது என்பது மறுப்பின் சாரம்.

பாறையைப் பார்த்தால் இது புரியும். அந்த முகடு லாவா மேல் லாவாவாக அடுக்கிய பசால்ட். ஒரு வகை லாவா வழவழப்பாக ஓடி உறைந்தது, அதற்குள் குகைபோன்ற குழாய்கள் உண்டு. இன்னொரு வகை கரடுமுரடானது, அதன் மேலும் கீழும் கருகிய ஜல்லிபோன்ற அடுக்கு இருக்கும். அந்த ஜல்லி அடுக்கில் தண்ணீர் பாயும் வேகத்துக்கும் நடுவே உள்ள கெட்டிக் கல்லில் பாயும் வேகத்துக்கும் ஒப்பீடே கிடையாது. இதையெல்லாம் ஒரே சீரான கல்லாகச் சராசரியாக்கினால், மணல் மாடலைப் பற்றி மேலே சொன்ன அதே பிழை திரும்ப வரும். நீர்மட்டம் இவ்வளவு தட்டையாக இருக்கும் இடத்தில் சில அங்குல அளவுப் பிழைகூடத் திசையையே மாற்றிவிடும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 2021 நவம்பரில் கொட்டியது தொட்டிக்கு அடியில் இல்லை, கிணற்றுக்கு அருகே சுரங்கத்தில். லாவா எவ்வளவு நுணுக்கமாக வரையப்பட்டிருந்தாலும், மனிதர் கட்டிய சுரங்கமும் வடிகாலும் மாடலில் இல்லையென்றால் அந்த வழி தெரிந்திருக்காது. நம் ஊர்ப் போர்களைப் பற்றிச் சொன்னதும் இதுதான்.

யாழ்ப்பாணத்துச் சுன்னாகமும் இதே கதைதானே?

சுன்னாகத்தில் மின்நிலையத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் கலந்தது. உறவு உண்டு, பாறை வேறு. யாழ் குடாநாட்டின் அடியில் இருப்பது மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல். விரிசல் வழியாக மழைநீர் கல்லையே கரைத்துப் பாதையாக்கியிருக்கிறது. அப்படிக் கல் கரைந்து உண்டான நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். கடல்நீரின் மேல் நன்னீர் வில்லைபோல மிதப்பது ஓவாஹுவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பொதுவானது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லாத குடாநாட்டுக்குக் கிணறுதான் உயிர்.

சுன்னாகம் மின்நிலையத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில், 2019 ஏப்ரலில் இலங்கை உச்ச நீதிமன்றம் மின்நிலையத்தை நடத்திய நிறுவனம் பாதிக்கப்பட்டவர்களுக்காக 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மாடல் போடுகிறவன் என்ற முறையில் எனக்கு அங்கே தோன்றுவது இது: கரைசல் பாதைகள் உள்ள சுண்ணாம்புக்கல்லில் சராசரி வேகம் என்ற சொல்லுக்கே பொருள் குறைவு. சாயம் விட்டுப் பார்க்காமல் திசை சொல்லக் கூடாது.

டேங்கை எடுத்துப் பத்து வருஷம் ஆச்சு. இன்னும் ஏன் வருது?

முதல் பதிலில் சொன்ன கல் உருளையில் இரண்டு விரல் தள்ளி வாசம் இல்லை என்றேன். அது சார்னோகைட், நுண்துளை மிகக் குறைவு. மணற்கல், சுண்ணாம்புக்கல், உக்கிய பாறை என்றால் கல்லுக்குள்ளேயே நுண்துளைகள் நிறைய. விரிசலில் அடர்ந்த மாசு ஓடும்போது பென்சீன் மெல்லமெல்லக் கல்லுக்குள் ஊறிப் போகும். ஊறுகாய் மாங்காயில் உப்பு ஏறுவதுபோல. இது முதலில் நன்மையாகத் தெரியும், ஏனென்றால் மாசின் முன்முனை தாமதமாகிறது. மூலத்தை அகற்றிய பின் விரிசலில் நல்ல தண்ணீர் ஓடத் தொடங்கியதும் கல்லில் ஊறியது அதே மெதுவில் திரும்பி வெளியே வரும். உள்ளே போக எடுத்ததைவிட வெளியே வர நீண்ட காலம் பிடிக்கும், சில இடங்களில் பல பத்தாண்டு.

இதில் ஏமாறுவது எங்கே என்றால், பம்ப் வைத்து இழுத்துச் சுத்தம் செய்யும்போது அளவு சீக்கிரம் குறையும். "முடிந்தது" என்று பம்பை நிறுத்துவார்கள். சில மாதத்தில் அளவு மறுபடி ஏறும்.

பாக்டீரியாவே தின்னுடும்னு சொல்றாங்களே?

தின்னும், மணலில் நன்றாகவே தின்னும். ஆக்சிஜன் தீர்ந்தால் நைட்ரேட், இரும்பு, சல்ஃபேட் என்று ஒவ்வொன்றாகப் பயன்படுத்திக்கொள்ளும். விரிசலில் அவை ஒட்டிக்கொள்ளப் பரப்பும் குறைவு, தண்ணீர் தங்கும் நேரமும் குறைவு. வேறு இடத்து மணலில் கிடைத்த சிதைவு வேகத்தை அப்படியே பாறை மாடலில் போட்டால், காகிதத்தில் மாசு மறைந்துவிடும், கிணற்றில் மறையாது.

இப்போது நம் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். பாக்டீரியாவுக்கு எத்தனால் இனிப்பு, முதலில் அதைத்தான் தின்னும், இருக்கும் ஆக்சிஜனை அதிலேயே செலவழித்துவிடும். பென்சீன் தின்பாரில்லாமல் கூடுதல் தூரம் போகும். பழைய கசிவுகளின் அனுபவத்தை வைத்துப் புதிய கசிவை எடைபோடக் கூடாது.

எந்த சாஃப்ட்வேர் நல்லது?

மாட்ஃப்ளோ இலவசம், சராசரி முறைக்கும் இரட்டை நுண்துளை முறைக்கும் போதும். ஃபீஃப்ளோ, ஹைட்ரோஜியோஸ்பியர் இரண்டிலும் தனி விரிசல்களை உள்ளே வைக்கலாம். கையில் இருக்கும் பணத்தை மென்பொருளுக்குச் செலவழிப்பதற்குப் பதில் துளைக்குள் கேமரா இறக்கவும், பேக்கர் (துளையை மேலும் கீழும் அடைக்கும் ரப்பர் அடைப்பு) வைத்து ஒவ்வொரு விரிசலையும் தனித்தனியாகச் சோதிக்கவும், சாயச் சோதனைக்கும் செலவழியுங்கள்.

மாடல் ரிப்போர்ட் ஒண்ணு கைக்கு வந்தா நாங்க எதைப் பார்க்கணும்?

முதலில் நுண்துளை அளவு என்ற எண்ணைத் தேடுங்கள். கடினப் பாறைக்கு 1 சதவீதமோ அதற்கு மேலோ எழுதியிருந்தால், எந்தச் சோதனையில் கிடைத்தது என்று எழுத்தில் கேளுங்கள். "நூல்களிலிருந்து" என்று பதில் வந்தால், மேலே போட்ட 14 நாள், 4 ஆண்டுக் கணக்கை அவர்கள் முன்னால் வையுங்கள்.

பிறகு, பதில் ஒற்றைத் தேதியாக இருக்கிறதா, வீச்சாக இருக்கிறதா என்று பாருங்கள். பாறையில் ஒற்றைத் தேதி சொல்லும் அறிக்கை எதையோ மறைக்கிறது, அல்லது எழுதியவருக்கே தெரியவில்லை. வீச்சு இருந்தால் அதில் மிக முந்திய நாளை எடுத்துக்கொண்டு உங்கள் ஏற்பாடுகளைச் செய்யுங்கள். குடிநீர்க் கிணறு வைத்திருப்பவருக்குச் சராசரி நாளால் பயனில்லை.

கைவிட்ட போர்கள் படத்தில் உண்டா, எண்களைத் திருத்தும்போது பயன்படுத்தாத ஒரு கிணற்றில் மாடல் மாசு அளவைச் சரியாகச் சொன்னதா என்றும் கேட்கலாம். இந்த இரண்டாவது கேள்விக்கு நல்ல பதில் கிடைத்தால் அந்த அறிக்கையை நான் மதிப்பேன்.

பம்பை நிறுத்தணுமா, ஓட்டணுமா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

இரண்டுமே சரியாக இருக்கும் இடங்கள் உண்டு, ரெட் ஹில்லிலேயே இரண்டும் நடந்தன. சுத்தமாக இருந்த ஹாலாவா நீர்வாயை நிறுத்தினார்கள், மாசு அந்தப் பக்கம் வரக் கூடாது என்பதற்காக. மாசடைந்த ரெட் ஹில் கிணற்றில் 2022 ஜனவரி முதல் பம்பை ஓட்டினார்கள், நாளொன்றுக்கு 1.9 கோடி லிட்டர் வரை இழுத்து, கரி வடிகட்டியில் சுத்தம் செய்து ஓடையில் விட்டார்கள். மாசை ஓரிடத்திலேயே பிடித்து வைக்கும் முயற்சி அது. உங்கள் ஊரில் எந்தப் போர் எந்த விரிசலை இழுக்கிறது என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்துவதும் ஆபத்து, எல்லாவற்றையும் ஓட்டுவதும் ஆபத்து. ஒரு போரை ஓட்டி மற்றப் போர்களில் நீர்மட்டம் இறங்குகிறதா என்று ஒரு நாள் முழுக்கப் பார்த்தாலே உறவு தெரிந்துவிடும். அதற்கு மாடல்கூட வேண்டாம், டேப்பும் நோட்டும் போதும்.

"மாடல் முடியட்டும், அப்புறம் டேங்கைப் பார்க்கலாம்"னு சொல்றாங்க. சரியா?

சரியில்லை. மாடல் தேவைப்படுவது எங்கே துளை போட்டுக் கண்காணிப்பது, எதை எவ்வளவு காலம் இழுப்பது என்று முடிவெடுக்க. கசிகிற தொட்டியைக் காலி செய்ய எந்த மாடலும் தேவையில்லை. ரெட் ஹில்லில் 2014 கசிவுக்குப் பிறகு எந்தப் பக்கம் போகும் என்ற விவாதம் ஆண்டுக்கணக்கில் நடந்துகொண்டிருக்க, தொட்டிகளில் எரிபொருள் இருந்துகொண்டே இருந்தது. நிரந்தரமாக மூடும் உத்தரவு 2022 மார்ச் 7 அன்றுதான் வந்தது. 2023 அக்டோபரில் தொடங்கி டிசம்பருக்குள் 39 கோடி லிட்டருக்கு மேல் இறக்கினார்கள். பாறைக்குள் ஏற்கெனவே போனதைத் தேடி அந்த முகட்டைச் சுற்றிலும் கண்காணிப்புக் கிணறுகளைத் துளைத்துத் தண்ணீர் மாதிரி எடுக்கும் வேலை அதன் பிறகும் தொடர்ந்தது.